சொட்டு மருந்தும் ரயில்வே கேட்டும்

குரோம்பேட்டை ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தியபடியே தூங்கிப்போனேன். பின்னால் ஏழாவது படிக்கும் என் மகள். கேட் திறந்ததும் எல்லோரும் ஹாரன் அடிக்க, அவள் என் முதுகில் குத்தி, "அப்பா, போங்க!" என்றாள். விழித்த வேகத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டேன். எதிரே வந்த தண்ணீர் லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தோம்.

"இனிமே அவ பஸ்லயே போகட்டும். உங்க பின்னாடி உட்கார வெக்க மாட்டேன்" என்றாள் மனைவி. சுருக்கென்று தைத்தது.

உங்களில் சிலருக்கும் இப்படி இருக்கலாம். இரவு முழுக்கப் படுத்திருந்தும், மூட்டை சுமந்தவன்போல எழுந்திருப்பீர்கள். வாய் வறண்டு கிடக்கும். நான் விடும் குறட்டையைக் கேட்டு, கொடுத்துவைத்த மனுஷன் என்று வீட்டில் பொறாமைப்பட்டார்கள்.

தாம்பரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். என் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த மூக்குச் சொட்டு மருந்தைத்தான் அவர் முதலில் பார்த்தார். ஒரு மழைக்காலச் சளிக்கு மின்சார ரயில் நண்பர் சிபாரிசு செய்தது. எங்கள் பெட்டியில் அது வெற்றிலை பாக்குபோலக் கைமாறும். படுக்கும்முன் விட்டால் மூக்கு உடனே திறந்துகொள்ளும்.

"எவ்ளோ நாளா விடறீங்க?"

"வருஷக்கணக்கா டாக்டர்."

"உங்க மூக்கை அடைக்கிறதே இதுதான் சார். மருந்தோட வேகம் போனதும் உள்ளே முன்னைவிட வீங்கிடுது. அப்புறம் விடிய விடிய வாயாலதான் மூச்சு. தூக்கம் எப்படி முழுசா வரும்?"

வீங்குவது சவ்வு (மூக்கின் உள்தோல்). அதற்கு ஒரு ஸ்பிரே எழுதினார். சொட்டு மருந்தை முதலில் இடது துளைக்கு மட்டும் நிறுத்தச் சொன்னார். அது திறந்தபிறகு வலதுக்கு. இடது பக்கம் சிமென்ட் பூசியதுபோல் அடைத்துக்கொண்டது. அழுகையே வந்தது. பாட்டிலை மனைவியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன். வலதுக்கு அவளே விட்டாள்.

இடது திறக்க வாரங்கள் ஆயின. வலது அத்தனை படுத்தவில்லை. ஒருநாள் மனைவி எழுப்பும்வரை தூங்கினேன். வாய் ஈரமாக இருந்தது. அதையே நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அவள் சில நாள் பொறுத்துத்தான், மகளின் பையை ஸ்கூட்டரில் மாட்டினாள்.

கேட் மூடியிருந்தது. முன்பெல்லாம் அது மூடுவது தெரியும், திறப்பது தெரியும். நடுவே இருந்த நேரம் என் கணக்கிலேயே வராது. அன்று இரண்டு ரயில்கள் போயின. என் மூச்சு மூக்கு வழியே போய்வருவது எனக்கே கேட்டது. காத்திருப்பது இவ்வளவு நீளமா என்றிருந்தது.

முதுகில் ஒரு விரல் குத்தியது.

"அப்பா, முழிச்சிருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

கேட் திறந்து, தண்டவாளம் தாண்டியும், அவள் அந்த விரலை எடுக்கவில்லை.