தேதி திருத்தாத கொடை நோட்டீஸ்

மாட்டுங்கா லேபர் கேம்பில் எனக்கு ஒரு சின்ன டி.டி.பி. கடை. கோயில் கொடைவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவ்வளவுதான் என் கம்ப்யூட்டரில் இருக்கும். அதற்குள் எவனோ ஏறக்குறைய ஒரு வருஷமாகக் குடியிருக்கிறான் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் தங்கை மகள் செம்பூரில், கடற்படைக் கப்பல்களுக்கு வரைபடம் போடும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். எங்கள் சந்திலிருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண். ஆபீசில் என்ன செய்கிறாள் என்று வீட்டில்கூட மூச்சு விட மாட்டாள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அவள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், போன் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் வருஷா வருஷம் கொடை நோட்டீஸை அவள் மெயிலுக்கு அனுப்புவேன். ஆபீஸ் பிரிண்டரில் பெரிய தாளில் எடுத்து அம்மாவிடம் கொடுப்பாள். "மாமா, ஆபீஸ்ல பிரிண்ட் எடுத்துட்டேன், அம்மா குஷ்" என்று பதிலும் போடுவாள்.

இந்த வருஷம் நோட்டீஸ் பாதி வேலையில் இருந்தது. போன வருஷத் தேதியைக்கூட இன்னும் மாற்றவில்லை. தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, நோட்டீஸ் வந்துட்டு. போன வருசத் தேதியில்லா போட்டிருக்க?"

நான் அனுப்பவே இல்லை. கோயில் கமிட்டிக்காரர்கள் யாராவது கடைக்கு வந்து எடுத்து அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். தப்பான தேதி வெளியே போய்விட்டதே என்ற எரிச்சல்தான் எனக்கு. "திருத்தி அனுப்புதேன்" என்று வைத்துவிட்டேன். நான் அனுப்பவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

மூன்று வாரம் கழித்து தங்கை மகளின் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் இந்தியில் பொறுமையாகச் சொன்னார். எனக்கும் அவளுக்கும் நடுவில் போன மெயில்களை எல்லாம் மாதக்கணக்காக எவனோ படித்திருக்கிறான். அவள் ஆபீசில் பிரிண்ட் எடுப்பதைத் தெரிந்துகொண்டு, கொடை மாதம் வரும்வரை காத்திருந்து, என் நோட்டீசுக்குள் வைரஸ் எதையோ வைத்து, என் பெயரிலேயே அனுப்பியிருக்கிறான். அவள் அதை ஆபீசில் திறந்ததும் கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்துவிட்டான்.

"என்கிட்ட என்ன இருக்குன்னு வந்தான்?" என்று கேட்டேன்.

"உங்களுக்காக வரலை, அவங்களுக்காக" என்றார். யார் என்று கேட்டதற்குக் கையை விரித்தார். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவளை விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன்.

"நான் அனுப்பலன்னு எழுதித் தாரேன் பிள்ள."

"உங்க மெயில்ல இருந்துதான வந்திருக்கு மாமா. யாரு நம்புவா? ஜானே தோ, விடுங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தங்கை அந்த நோட்டீஸ் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். அம்மன் படம் போட்டது, கிழிக்க மனசு வரவில்லை என்றாள்.

போன வாரம் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சாப்பிட்டியா பிள்ள?" என்று ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மாமா, இப்ப மெசேஜ் போட்டது நீங்கதானா?"

"நான்தாம் பிள்ள."

 "சாப்பிட்டேன்" என்றாள்.