மரக்காணத்தில் என் பாய்மரம் இரண்டு அங்குலம் இறங்கிய கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் படகை அழுகவைத்தது வேறு யாருமில்லை, நான்தான். மாதாமாதம் கேன் கேனாக நல்ல தண்ணீர் ஊற்றி, பாசத்தோடு கழுவிக் கழுவி அழுகவைத்திருக்கிறேன். பைக்குக்குச் செய்வதை எல்லாவற்றுக்கும் செய்கிற ஆள் நான்.

படகு பன்னிரண்டடி மரப்படகு, ஒற்றைப் பாய்மரம். மரக்காணத்தை ஒட்டிய உப்பங்கழிக் கரையில், படகு ரிப்பேர் செய்யும் ஏழுமலையின் கொட்டகையில் கிடக்கிறது. வாங்கி இரண்டு வருடம் ஆகியும் என் மனைவி சரளா அதில் கால் வைத்ததில்லை. வீட்டுக்கு ஒரு கிறுக்கு போதும் என்பது அவள் கட்சி. போன வருடம் முழுக்க எங்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே கழிந்தது. இந்த பிப்ரவரியில், அவளுக்கு முடி மறுபடி சீப்புக்கு அகப்படத் தொடங்கிய வாரத்தில், அவளாகவே கேட்டாள். “திங்கக்கிழமை ஸ்கேன். அதுக்கு முன்னாடி உங்க படகுல ஒரு வாட்டி கூட்டிட்டுப் போறீங்களா?”

ஞாயிறு காலை 5.40க்குத் திருவான்மியூரில் கிளம்பினோம். ஈசிஆரில் 105 கிலோமீட்டர். வழியில் டீக்கு ஒருமுறை நிறுத்தினேன் (எனக்கு டீ பதினைந்து ரூபாய், அவளுக்கு ஃபிளாஸ்க் கஞ்சி). மரக்காணத்தை நெருங்கும்போது உப்பளங்கள் வெள்ளைவெளேரென்று விரியும். கூலிங் கிளாஸ் இல்லாமல் போகாதீர்கள், கண் கூசும். 8.05க்குக் கொட்டகை வாசலில் இருந்தோம்.

பாய்மரத்தை நிறுத்திக் கயிறுகளை இழுத்துக் கட்டினேன். பத்து நிமிடத்தில் எல்லாம் தொளதொள. மறுபடி கட்டினேன், மறுபடி தொளதொள. கயிறு விற்ற கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்திருந்தேன். ஏழுமலை படகுக்குள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். “கயிறு லூசாவல சார். மரம் கீழ இறங்குது.”

படகின் அடியில் ஒரு கட்டை இருக்கும். அதில் ஒரு குழி. பாய்மரத்தின் கால் அந்தக் குழிக்குள்தான் உட்காரும். மொத்த பாரமும் அதன் தலையில். மரத்தைக் கழற்றிவிட்டு, ஏழுமலை உளியைத் திருப்பிப் பிடித்து அந்தக் கட்டையைத் தட்டினார். ஓரத்தில் ‘டங்’ என்றது. நடுவில் ‘தொப்’. ஸ்க்ரூடிரைவரை வைத்தார், அல்வாவில் இறங்குவதுபோல் இறங்கியது.

கவிழ்த்த மீன் பெட்டிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சரளா, “என்னையும் இப்படித்தான் தட்டித் தட்டிப் பார்த்தாங்க” என்றாள். ஏழுமலை தட்டுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு என்னிடம் விசாரணை. என்ன தண்ணீரில் கழுவினேன் என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். “உப்புத்தண்ணி பட்டுக்கினு இருந்தா இன்னும் பத்து வருசம் வரும் சார் இது. நீங்க குளிப்பாட்டியே கொன்னுட்டீங்க.” உப்பு மரத்தைக் காக்குமாம். குழியில் தேங்கிய நல்ல தண்ணீர்தான் அழுகவைக்குமாம். சரளா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. அதற்காக இன்னொரு படகை அழுகவைக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

வேலை மூன்று நாள் ஆகும் என்றார் ஏழுமலை. அடுத்த வாரம் வருகிறோம் என்று நானும் சொல்லிவிட்டேன். “அடுத்த வாரம் நான் எப்படி இருப்பேனோ” என்றாள் சரளா, கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில். ஏழுமலை, “நீங்க நெழல்ல குந்துங்கக்கா” என்று சொல்லிவிட்டு, வேறு யாருக்கோ எடுத்துவைத்திருந்த தேக்குத் துண்டை இழுத்துப் போட்டு அறுக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து ‘மேடம்’, இப்போது ‘அக்கா’.

பழைய கட்டையைப் பெயர்த்து, அடியைத் துடைத்து, புதுக்கட்டையில் குழி வெட்டி, பசை போட்டு ஒட்டி, ஸ்க்ரூ ஏற்றினார். உச்சி வெயிலில் பசை ஒன்றரை மணி நேரத்தில் கல்லாகிவிட்டது. குழியில் தண்ணீர் நிற்காமல் ஓட ஓரத்தில் ஒரு ஓட்டையும் போட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு கை கல்லுப்பு.

அதை வாங்கச் சரளாவே உப்பளத்துக்கு நடந்தாள். நான் பின்னால். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா அவள் தலையைப் பார்த்துவிட்டு, “திருப்பதியா?” என்றார்.

“இல்லக்கா. அடையாறு.”

அந்த அம்மா, ஒரு கை கேட்டவளுக்குத் துண்டு நிறைய வாரிக் கட்டிக் கொடுத்தார்.

குழியில் உப்பைப் போட்டு, மரத்தை நிறுத்தி, ஏழுமலை அதைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். 3.20க்குத் தண்ணீரில் இறங்கினோம். துடுப்பு என் கையில். சரளா டவுன் பஸ் கம்பியைப் பிடிப்பதுபோல் பாய்மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது நிமிடம், போகவர முந்நூறு மீட்டர். கயிறு ஒன்றுகூடத் தொய்யவில்லை. “நல்லா நிக்குது” என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: பாண்டிச்சேரியிலிருந்து வந்தால் 35 கிலோமீட்டர்தான். பதினொன்றுக்கு மேல் வெயில் மன்னிக்காது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். சொந்தப் படகு இருந்தால், கிளம்பும்முன் அந்தக் கட்டையைத் தட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை ஸ்கேனில் சரளாவைத் தட்டிப் பார்த்தார்கள், ‘டங்’ என்றுதான் கேட்டது.

இவ்வளவு சொன்னவன் பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அது அன்று முழுக்க எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைதான் நல்ல தண்ணீரில் அலசிப் போட்டிருந்தேன்.