சுரண்டச் சுரண்ட முளைத்தவை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ‘பிளீச்சிங் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி வேகவைக்கிற அறைக்கு அவள்தான் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு அவள் நடத்துகிற பாடம் ஒன்றே ஒன்று. “ஊற வை, தேய், கொதிக்க வை. இந்த மூணுக்கும் மசியாத அழுக்கு உலகத்துல கிடையாதுடி.” அதை அவள் மனசார நம்பினாள், பாவம். விருந்துக்குப் போன இடத்திலும் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தெருவில் லிஃப்ட்காரர் என்றால் குழந்தைக்கும் தெரியும். அந்த மனிதருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு உப்புத்தண்ணீர் மீன்தொட்டி மட்டும் உண்டு. கடல்பாறைத் துண்டுகள், விரல்விரலாய் ஆடும் ஒரு பச்சைப் பவளம், அதற்குள் புகுந்து புகுந்து வருகிற ஜோடிக் கோமாளி மீன்கள். வேலை விட்டு வந்தால் தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். “மத்தவளுக்கெல்லாம் சக்களத்தி வெளியில இருப்பா. எனக்குக் கண்ணாடிக்குள்ள இருக்கா” என்பாள் இவள். அவர் கையை எடுக்காமலே சிரிப்பார்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் போயிற்று, பேச்சும் போயிற்று. படுக்கையறைக் கதவுக்குள் ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையவில்லை. கூடத்தில், தொட்டிக்கு எதிரே போட்டார்கள். வெயில் பட்டால் பாசி பிடிக்கும் என்று அவர் முன்பே தைத்துப் போட்டிருந்த கனத்த திரைகள் பகலிலும் மூடியே கிடக்கும். தொட்டியின் நீல வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில் விழுந்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் டாக்டர் “கேட்டால் கண்ணைச் சிமிட்டுங்கள்” என்று சொல்லிப் பார்த்தார். அப்போது அவர் அரை மயக்கத்தில் இருந்தார், ஒன்றும் நடக்கவில்லை. “உள்ளே எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாதம்மா” என்று கையை விரித்துவிட்டார்கள். இவளும் கொஞ்ச காலம் பேசிப் பார்த்தாள். பதில் வராத இடத்தில் எத்தனை நாள்தான் ஒரு பெண்பிள்ளை பேசிக்கொண்டிருப்பாள்? பேச்சு மெல்ல நின்றது. உள்ளே அவர் இருக்கிறாரா, வெறும் உடம்பைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறோமா என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. அதற்குப் பதில் தெரிந்தால் போதும், மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்வேன் என்று நினைத்துக்கொள்வாள்.

தொட்டியை ஏதோ தெரிந்தவரை பார்த்துக்கொண்டாள். உப்பு கரைத்து ஊற்றுவாள், மீனுக்குத் தீனி போடுவாள், கண்ணாடியைத் துடைப்பாள். அப்படித் துடைக்கும்போதுதான் பாறையில் அதைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் அளவு. பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கலாம். ஒரு காம்பு, உச்சியில் மெல்லிய நீள விரல்கள், நடுவில் ஒரு வாய். பூ மாதிரி இருக்கிறதே என்று முதலில் விட்டுவிட்டாள். சில நாளில் அதன் பக்கமாக இருந்த பச்சைப் பவளத்தின் விரல்கள் சுருங்கி, கீழே வெள்ளை எலும்பு தெரிந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதைதான்.

அவளுக்கா பொறுக்கும்? பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் ஒரு பிளேடும் எடுத்துவந்து கையை உள்ளே விட்டாள். நிழல் விழுந்ததுமே அது வெடுக்கென்று பாறைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டது. விடுவாளா இவள்? பொந்தைக் குடைந்து தேய் தேயென்று தேய்த்தாள். கட்டிலிலிருந்து ஒரு முனகல் வந்தது. அடித்தொண்டையிலிருந்து, நீளமாக. அவர் கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

“என்னங்க? உங்க சக்களத்தியைக் குளிப்பாட்டுறேன், சந்தோஷம்தானே?” என்றாள், எப்போதோ பேசிய பழக்கத்தில்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் சின்னச் சின்னதாய் ஒரு கூட்டமே நின்றது. தேய்த்தாள். பாறையின் பின்பக்கம் வந்தது. அங்கும் தேய்த்தாள். மோட்டார் குழாயின் வாயில், வடிகட்டிக்குள், தொட்டியின் மூலைகளில். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, இங்கே குரங்குகூட ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் முழங்கைவரை சட்டையை மடித்துவிடும்போதும் கட்டிலிலிருந்து அந்த முனகல் வரும். வலிக்கிறதோ என்று புரட்டிப் படுக்கவைப்பாள். நிற்காது. பிரஷ்ஷைக் கீழே வைத்த பிறகுதான் நிற்கும்.

கடைசியில் அவை கட்டிலைப் பார்த்த கண்ணாடியிலேயே ஏறிவிட்டன. அன்றைக்குத்தான் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கண்ணாடியில் ஒட்டியவை எல்லாம் உள்ளிருந்து வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றன. மோட்டாரை அணைத்தால் தண்ணீர் அசையாது, அவற்றின் விரல்கள் மட்டும் அசையும். அவள் எழுந்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் சுருங்கும். உட்கார்ந்தால் ஒவ்வொன்றாய் விரியும். சுத்தம் செய்ய வைத்திருந்த சிறு இறால் ஒன்று அந்தப் பக்கம் நடந்து போனது; விரல்கள் மெதுவாக மூடின, அவ்வளவுதான். கோமாளி மீன்கள் இரண்டும் மேல் மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. அந்தக் கூடத்தில் தனியாக உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. கணவரோடு இருக்கையில் ஏன் தனியாக என்று நினைக்கிறோம் என்று வேறு அழுகை வந்தது.

நாத்தனார் ஒரு நாள் மதியம் வந்தாள். அண்ணன் மேல் பாசம் உண்டு, வாய்தான் கொஞ்சம் கூடுதல். கட்டில் காலடியில் நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

“என்ன அண்ணி இது, பார்க்கவே குமட்டுது! இந்தக் கருமத்தைத் தூக்கிப் போடுங்க. அண்ணனையும் ஒரு நல்ல ஹோமாப் பார்த்து விட்டுடலாம். அவருக்குத்தான் ஒண்ணும் தெரியலையே.”

இவள் இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, துவைத்த விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். “ஹோமுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்மா” என்றாள். பிறகு, விரிப்பின் நுனியைத் தேடியபடியே, “ஒரு நாள் தூக்கத்துலயே போயிட்டாருன்னா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி” என்றாள். அலுப்பில் வருகிற பேச்சு. சொன்ன வாய் அதை மறந்தும் போயிற்று. தொட்டியைக் கொடுத்துவிடுவது என்று மட்டும் முடிவாயிற்று.

கணவர் வழக்கமாகப் போகிற வளர்ப்புமீன் கடைக்காரரிடம் போய், போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் போனை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“தொட்டா சட்டுன்னு பொந்துக்குள்ள இழுத்துக்குதாக்கா?”

“ஆமா.”

“கடல் சாமந்தியில இது களை ஜாதி. புதுப் பாறைத் துண்டுல ஒட்டிக்கிட்டு வரும். ஒண்ணு ரெண்டுன்னா பயமில்ல. இவ்வளவு எப்படி? யாராவது சுரண்டினீங்களா?”

“நான்தான். வாரா வாரம் தேய்க்கிறேன்.”

“ஐயையோ! இதைச் சுரண்டவே கூடாதுக்கா. பிஞ்சு விழுற ஒவ்வொரு துணுக்கும் புதுசா ஒண்ணா முளைக்கும். நீங்க கழுவலக்கா, நடவு நட்டிருக்கீங்க!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். “இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்க வீட்டு அண்ணன்தான். ஒரு ஆளு பிளேடால சுரண்டிட்டேன்னு வந்து நின்னான். இந்த இடத்துல வெச்சு அவனை என்ன கத்துக் கத்தினாரு தெரியுமா?”

அவள் ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தாள். விரிப்பு மாற்றும்போது அவர் முனகியதுண்டா? இல்லை. ஊசி போடும்போது? இல்லை. பிரஷ்ஷை எடுத்தால் மட்டும்தான். வேண்டாம் வேண்டாம் என்று அந்த மனிதர் மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். இருக்கிறார்! உள்ளே முழுசாக இருக்கிறார்! கடை நடுவில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைக்காரர் பயந்துபோய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

தொட்டியைக் கொடுக்கிற பேச்சையே எடுக்கவில்லை. மருந்தை மட்டும் கேட்டுக்கொண்டாள். பவளத் தொட்டிக்கென்று விற்கிற சுண்ணாம்புப் பொடியைச் சில சொட்டுத் தண்ணீரில் களிம்பாகக் குழைக்க வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, ஊசியால் குத்தாமல், வாய்க்கு மேலே மெதுவாக வைக்க வேண்டும். ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான், மொத்தமாகப் போட்டால் மீன் தாங்காது. “எல்லாத்தையும் கொன்னுடாதீங்கக்கா. இறகு மாதிரி விரியுறது ஒண்ணு இருக்கும், அது சாதுவான புழு” என்று அனுப்பினார்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதுதான் மற்றது உறைத்தது. உள்ளே இருந்தார் என்றால் எல்லாமும் கேட்டிருக்கிறார். ஹோம் பேச்சு. நிம்மதிப் பேச்சு. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் பக்கம் உட்கார்ந்தாள்.

“என்னங்க, நான் பேசுறது கேக்குதா? கேட்டா ஒரு தடவை சிமிட்டுங்க, கேக்கலைன்னா ரெண்டு தடவை” என்றாள். சொன்னபிறகு தன் புத்தியை நினைத்துத் தானே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். மெதுவாக, நிதானமாக.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் அழுதாள். ஆனாலும் சந்தேகம் போகுமா? தற்செயலாக இமை தட்டியிருக்கலாம். களிம்பைக் குழைத்து, கையுறை மாட்டி, ஆஸ்பத்திரி சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். பாறை இடுக்கில் ஒன்று அரையிருட்டில் விரிந்து நின்றது. “இதுவா?” என்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு சிமிட்டல். குனிந்து உற்றுப் பார்த்தாள். விரல் இல்லை, இறகு. சாதுவான புழு. அதற்குமேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்றைக்கு அந்த வீட்டில் மறுபடி பேச்சு வந்தது. பேசிக்கொண்டே வேலை செய்தாள். இதுவா, ஒரு சிமிட்டல். இதுவா, ஒரு சிமிட்டல். ஊசி முனையை வாய்க்கு மேலே கொண்டுபோய் வெள்ளைக் களிம்பை வைப்பாள். அது இரை என்று நினைத்து விரல்களால் ஆசையாக அணைத்து உள்ளே தள்ளிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வெளுத்து, சுருங்கி, பாறையில் ஒரு கறையாகிவிடும். “பாருங்களேன், நான் ஊட்டுறேன்னு நினைச்சு ஆ-ன்னு திறக்குது, மக்குச் சாமந்தி!” என்று சிரித்தாள். “சாப்பிடு, சாப்பிடு, நல்லாச் சாப்பிட்டுத் தூங்கு” என்று கொஞ்சினாள். இத்தனை மாதம் கழித்து வந்த சந்தோஷம் அப்படிப் பேசவைத்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அவருக்குச் சாப்பாடு. விழுங்கச் சிரமம் என்பதால் பாலும் பழமும் சோறும் சேர்த்து வெண்மையாக அரைத்து, ஊசியில்லாத புது சிரிஞ்சில் ஏற்றிக் கடைவாயில் விடுவது வழக்கம். “ஆ காட்டுங்க” என்றாள். வாய் திறக்கவில்லை. உதடுகள் ஒட்டிக்கொண்டு வெளுத்திருந்தன.

“பசிக்கலையா?”

இரண்டு சிமிட்டல். பசிக்கிறது.

“சூடா இருக்கா? எங்கயாவது வலிக்குதா?”

எதற்கும் இரண்டு. அவர் கண் சிரிஞ்சில் இருந்தது. அங்கிருந்து தொட்டிக்குப் போயிற்று. மறுபடி சிரிஞ்சுக்கு வந்தது. அவள் சிரிஞ்சைக் கீழே இறக்கினாள்.

“என்னங்க... என்னைப் பார்த்தா பயமா இருக்கு உங்களுக்கு?”

அவர் வெகுநேரம் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு ஒரு தடவை சிமிட்டினார்.

“அன்னைக்கு நான் சொன்னது ஏதோ அலுப்புல...” என்று ஆரம்பித்தாள். முடிக்க வரவில்லை. யார்தான் அதை எப்படி முடிப்பார்கள்? ஒரு மனிதருக்குக் கையில்லை, காலில்லை, வாயில்லை. சாகட்டும் என்று சொன்ன பெண்டாட்டி வெள்ளையாக எதையோ சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு ஆ காட்டு என்கிறாள். அவர் பயப்படாமல் என்ன செய்வார்? அவள் சிரிஞ்சைத் தன் வாயில் வைத்து அழுத்தினாள். விழுங்கினாள். வாயைத் திறந்து காட்டினாள். அவர் அவளுடைய தொண்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவள் வெளுக்கிறாளா, சுருங்குகிறாளா என்று காத்திருந்தார். மெல்ல உதடு பிரிந்தது.

இப்போது தொட்டி பளிங்காக இருக்கிறது. கோமாளி மீன்கள் கீழே இறங்கிவிட்டன. பவளமும் புதிதாக விரல் விட்டிருக்கிறது. ‘அண்ணி அண்ணனை மீட்டுட்டாங்க’ என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அவரும் டிவி மாற்றச் சொல்கிறார், திரையை விலக்கச் சொல்கிறார், இவள் கேலி பேசினால் சண்டைகூடப் போடுகிறார், எல்லாம் சிமிட்டலில்தான். ஆனால் சாப்பாடு வந்தால் வாயை மூடிக்கொள்வார். முதல் வாயை அவள் விழுங்கிக் காட்ட வேண்டும், அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் காத்திருக்க வேண்டும்.

“இன்னுமா, என்னங்க?” என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறாள்.

அவர் ஒரு தடவை சிமிட்டுகிறார்.