கப்பலேறாத பெட்டி

ஜெகதாம்பாள் அடித்த பெட்டிகள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன. ஜெகதாம்பாள் அரக்கோணம் தாண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில், பேக்கிங் பிரிவில் வேலை. பலகையை அளந்து, அறுத்து, பெட்டியாக அடித்து, உள்ளே பாலிதீன் விரித்து, ஈரக்காற்றுகூட நுழையாதபடி மூடி அனுப்ப வேண்டும். புருஷன் போன பிறகு அந்த ஆணியையும் சுத்தியலையும் வைத்துத்தான் மகன் திருமுருகனைப் படிக்க வைத்தாள். வாய் இருக்கிறதே, அது சுத்தியலைவிடப் பலம். சூப்பர்வைசரே அவளிடம் ஒன்று சொல்வதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்.

அப்பேர்ப்பட்டவள் மருமகளிடம் வாயடைத்துப் போனாள் என்றால் நம்புவீர்களா?

மருமகள் எழில் தென்காசிப் பக்கம். ஐ.டி. வேலை. நல்ல பெண்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வந்து மாதக்கணக்காகியும் மாமியாரை ‘அத்தை’ என்று ஒரு தடவை கூப்பிட்டதில்லை. “சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?”, “கேஸ் வந்திருக்கு.” எல்லாம் மொட்டையாகத்தான். இவள் மட்டும் சும்மாவா? பதிலுக்கு மொட்டையாகவே பேசினாள். போதாததற்குத் திருமுருகன் ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான். “எழில் ஆபீஸ் பக்கமா, போரூர்ல வீடு பாக்கலாம்னு கீறோம்மா.”

“பாரு, பாரு” என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தாள்.

அந்த வாரம்தான் எழிலின் அம்மா ஊரிலிருந்து ஒரு பிச்சிக் கொடியைப் பதியம் போட்டு அனுப்பியிருந்தாள். நம் பக்கத்தில் ஜாதிமல்லி என்போமே, அதுதான். இருப்பதோ மாடியில் வாடகை வீடு. நட மண் ஏது? இந்தக் கொடி இங்கே வேர்விட்டால் பெண்ணும் இங்கேயே இருந்துவிடுவாள் என்று ஜெகதாம்பாளுக்கு ஒரு நினைப்பு. அசட்டு நினைப்புதான், போகட்டும். கம்பெனியில் கேட்டு உடைசல் பலகைகளை வாங்கிவந்தாள். ஜன்னலுக்கு வெளியே கூண்டு போல நீட்டிக்கொண்டிருக்கும் கிரில்லுக்குள் உட்காரும்படி ஒரு நீளப் பெட்டி அடித்தாள். மூலைக்கு மூலை தகரப் பட்டை. உள்ளே இரட்டைப் பாலிதீன். பழக்க தோஷத்தில், எந்தப் பக்கம் மேலே என்று காட்டும் இரண்டு அம்புகளைக்கூட வரைந்துவிட்டாள். கீழ்வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் கஜபதி அண்ணாந்து பார்த்தார். “இன்னாம்மா, செடிய சிங்கப்பூருக்கு அனுப்பப் போறியா?”

எழில் பெட்டியைப் பார்த்து, “நல்லாருக்கு” என்றாள். அவ்வளவுதான்.

செம்மண் நிரப்பி நட்ட கொஞ்ச நாளிலேயே கொடி மஞ்சளடித்தது. இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஜெகதாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வீட்டுச் செடியை மாமியார் கொன்றுவிட்டாள் என்று அந்தப் பெண் நினைத்தால்? போரூர் வீட்டுக்கு இந்த ஒரு சாக்குப் போதாதா?

ஞாயிற்றுக்கிழமை காலை, மனசு கேளாமல் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இட்லி மாவு போலச் சொதசொதவென்று இருந்தது. பின்னால் எழில் வந்து நின்றாள்.

“நான் சாயங்காலம் ஒரு சொம்புதாம்மா ஊத்துறேன்” என்றாள் ஜெகதாம்பாள், திருடி அகப்பட்டவள் மாதிரி.

எழிலின் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ, நான் காலைல ஊத்துதேனே! நீங்க பெட்டி செஞ்சு குடுத்தும் நான் பட்டுப்போக விட்டுட்டேன்னு நினைப்பீங்களேன்னு பயந்து, ரெண்டு ரெண்டு சொம்பா ஊத்துனேன்.”

இவளுமா பயந்துகொண்டிருந்தாள்? அட கடவுளே!

“அத்தினி தண்ணியும் எங்க போச்சு?” என்று கேட்ட ஜெகதாம்பாள், கேட்ட கையோடு தலையில் அடித்துக்கொண்டாள். “நான் ஒரு மடச்சி! ஓட்டையே போடல. பம்பு பேக் பண்ற மாதிரி இல்ல பண்ணி வச்சிகீறேன்!”

எழிலுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சுத்தியலும் பெரிய ஆணியும் வந்தன. பெட்டியின் ஓரத்தில், அடிப்பலகையை ஒட்டி, ஒருத்தி ஆணியைப் பிடித்தால்தான் இன்னொருத்தி அடிக்க முடியும். இருவரும் கிரில் கூண்டுக்குள் தலையை நீட்டினார்கள்.

“கைல பட்டா இன்னா பண்ணுவ?”

“படாது. நீங்க அடிங்க.”

ஆணியைப் பிடித்த விரல் அசையவே இல்லை. ஜெகதாம்பாள் தன் வாழ்நாளில் அவ்வளவு பார்த்துப் பார்த்து ஓர் ஆணியை அடித்ததில்லை.

ஆணியைப் பிடுங்கியதும் வந்தது பாருங்கள் செம்மண் தண்ணீர், பீய்ச்சிக்கொண்டு! கஜபதி அப்போதுதான் வெள்ளை வேட்டி கட்டி வாசலில் இறங்கியிருந்தார்.

“எவன்டா அவன், காலங்காத்தால?”

“அத்தே, தலைய உள்ள இழுங்க!”

எழில் அவள் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில், இருவரும் தரையில் பொத்தென்று உட்கார்ந்தார்கள். எழில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜெகதாம்பாளும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண் கலங்கியது. அப்பாடா, வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கூப்பிட்டது கூப்பிட்டவளுக்கே தெரியவில்லை. இவள் எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

சத்தம் கேட்டுத் திருமுருகன் போனும் கையுமாக வந்தான். “போரூர் வீட்டுக்காரர் கேக்கறாரு எழில், இன்னா சொல்றது?”

“வேண்டாம்னு சொல்லிருங்க” என்றாள் எழில், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு. “பிச்சி இப்பதான பொழச்சிருக்கு. அத்தே, இனிமே ஒருநாள் நீங்க, ஒருநாள் நான். ஒரே சொம்புதான், என்ன?”

ஜெகதாம்பாள் எழுந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கீழே குரல் கொடுத்தாள்.

“அண்ணாத்தே, கத்தாத! வேட்டிய மாத்திகினு குடு. நானும் என் மருமவளும் அலசித் தர்றோம்.”