கெமிஸ்ட் என்ற சொல்லும் அத்தையின் கல்யாணமும்

எங்கள் குடும்பத்தில் சொல்லாராய்ச்சி ஒரு பரம்பரை வியாதி. எனக்கும் உண்டு, வெளியே தெரியாமல் சமாளித்துக்கொள்கிறேன். பெரியப்பாவுக்கு அது முற்றியிருந்த காலத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளை ஆலத்தியூர் சிமெண்ட் ஃபேக்டரியில் கெமிஸ்ட். முன்பு வந்த வரன்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புவதாகச் சொன்னவர்கள்தான், இன்னும் அனுப்பவில்லை. அத்தைக்கு இவரைப் பிடித்துவிட்டது. காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்தவள் என் கையை நசுக்கிப் பிடித்ததில் எனக்கே அது தெரிந்தது.

கூடத்தில் பெரியப்பா ஆரம்பித்தார். "கெமிஸ்ட்டுங்கிற சொல்லு எங்கேருந்து வந்துச்சு தெரியுங்களா? அரபிக்காரன் கீமியான்னான். அதுக்கும் முன்னாடி எகிப்துல கேம்னு ஒரு சொல்லு. கறுப்பு மண்ணுன்னு அர்த்தம், நம்ம கரிசக்காடு மாதிரி."

மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மகனின் உத்தியோகத்துக்கு எகிப்து வரை சொந்தபந்தம் இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. பெரியப்பா அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"நம்ம தமிழ்ல ரசவாதி. ஈயத்தைத் தங்கமாக்குறேன்னு ராஜாவையே ஏமாத்திட்டு ஓடிருவான்!"

"அப்ப எம் மவன் ஏமாத்துக்காரன்ங்கிறீங்க." மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கெளம்புடா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அம்மா பெரியப்பாவைப் பார்த்த பார்வையில் ஈயம் உருகியிருக்கும். அத்தை என் கையை விட்டுவிட்டாள்.

மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. "அவரு சொல்றது சரிதாம்ப்பா. நாங்களும் சுண்ணாம்புக்கல்லைப் போட்டு வேகவச்சுக்கிட்டுத்தான் இருக்கோம். தங்கம் வரல, சிமெண்ட்டுதான் வருது." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏங்க, சாப்பாடு இருக்குங்களா? பசிக்குது" என்றார்.

அம்மா, "இதோ, இலை போட்டாச்சு!" என்று ஓடினாள். எதற்கும் இருக்கட்டும் என்று சமைத்து வைத்திருந்தாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டிருந்த அபூர்வ நேரம் அது. மாப்பிள்ளையின் அப்பா மகனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கை கழுவ எங்கிட்டுப் போவணும்?" என்றார். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள்.

சம்பந்தம் முடிவாகாத வீட்டில் காபியோடு சரி, இலையில் உட்கார்ந்தால் சம்மதம் என்கிற வழக்கமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒரு ஆள் பசிக்கிறது என்று சொன்னதற்கா இத்தனை சந்தோஷம்? நானும்தான் காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.