உட்கார்ந்து பார்த்தால் நார்மல்

கொரோனா வந்து போய்விட்டது என்று சொல்கிறவர்கள், போனது எது என்று வைதேகியைக் கேட்க வேண்டும். காய்ச்சல் போனது, அவ்வளவுதான். களைப்பு மட்டும் காலி பண்ணாத குடித்தனக்காரன் மாதிரி மாதக்கணக்காக உடம்பிலேயே குந்திக்கொண்டிருக்கிறது.

மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி வார்டு நர்ஸ் அவள். லிஃப்ட் நோயாளிகளுக்கு, ஊழியர்களுக்குப் படிக்கட்டு. முன்பு தாவி ஏறியவள், இப்போது திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்குகிறாள். கீழே வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வாள். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். மாற்றலுக்கு இரண்டாம் மாடி டாக்டர் பத்ரிநாராயணன் எழுதித் தர வேண்டும். இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் ஒரே பாட்டு: "எல்லாம் நார்மல்மா. மனசைத் தளர விடாதீங்க."

மனசாம்! அதை எந்த மிஷினில் பார்த்தாரோ. வீட்டில் புருஷன் பாலு அதற்கும் மேல். "படுத்துக்கினே இருந்தா அப்டித்தான். காலைல எய்ந்து பட்டினப்பாக்கம் பீச்ல நட." எரிகிற தீயில் எண்ணெய் வார்க்க வேறு ஆள் வேண்டாம்.

ஒருநாள் படியில் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டரைப் பார்க்கப் போன இரண்டு தடவையும் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகுதான் உள்ளே நுழைந்திருக்கிறாள். ஏறி வந்தவரை உட்கார வைத்துத்தான் நாடி பார்க்க வேண்டும்; புதிதாக வருகிற பெண்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். பழக்கதோஷத்தில் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே!

மூன்றாம் தடவை நிற்காமல் ஏறி நேரே உள்ளே போனாள். அங்கே அவள் பழக்கிவிட்ட கயல்தான் நர்ஸ்.

"கயலு, நாடி பாக்குற கிளிப்பைப் போடு. நின்னுக்கினே பாரு."

"அய்யோ, இன்னாக்கா, இப்டி மூச்சு வாங்குது! மொதல்ல குந்துங்க."

"மாட்டேன். இப்பவே பாருடி!"

டாக்டர் நிமிர்ந்தார். "உட்காருங்கம்மா. படி ஏறினா யாருக்கும்தான் படபடன்னு அடிக்கும். கொஞ்சம் ஆறட்டும்."

"எனக்கு ஏறினாத்தான் சார் பிரச்சினையே!"

கயல் தோளைப் பிடித்து அமுக்கினாள், தண்ணீர் கொடுத்தாள், ஃபேனைத் திருப்பினாள். அன்போடு சண்டை போட முடியுமா? காலும் துவண்டிருந்தது. நன்றாக ஆற வைத்துவிட்டு விரலில் கிளிப்பை மாட்டினாள்.

"நாடி எம்பத்தி நாலு. பாத்தீங்களாக்கா, ஒண்ணுமே இல்ல!"

டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். வைதேகிக்கு வார்டு நேரம் ஆகிவிட்டது. மூன்றாம் மாடிக்கு ஏறும்போது கயலும் பாதி தூரம் கூடவே வந்தாள்.

"நீங்க சொல்லிக் குடுத்தாப்லயே பண்ணேன்கா, கரீட்டா?"

வைதேகிக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை வாயாரத் திட்டியிருப்பாள். அதற்கும் மூச்சு வேண்டியிருந்தது.