மச்சாளுக்குச் சொல்லாத பயணம்

கனடாவின் ஸ்காபரோவில் ஐம்பது தாண்டிய ஒரு தமிழ்ப் பெண் சைக்கிளில் போனால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று கார் பழுது, அல்லது புருசனோடு சண்டை. வோபர்னில் எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்கரைப் பாதைக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனையோ தடவை யாராவது காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "என்ன அன்ரி, கார் பழுதோ? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லைத் தம்பி, சும்மா ஓடுறன்" என்றால் நம்பமாட்டார்கள். சும்மா ஒரு வேலை செய்வது எங்கள் ஆட்களுக்கு விளங்குவதில்லை. பின்னால் இவரும் இன்னொரு சைக்கிளில் வருவதைக் கண்டதும், ஐயோ பாவம், இரண்டு காருமே பழுது என்ற முகத்தோடு போய்விடுவார்கள்.

இவர், அதாவது என் கணவர், சைக்கிள் ஓடத் தொடங்கியது வைத்தியர் சொல்லி. நான் தொடங்கியது, இவர் தனியே போய் எங்காவது விழுந்து கிடப்பார் என்ற பயத்தில். இப்போது நான் முன்னால் போக, இவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிக்கரிங் வரை போய், ஏரியைப் பார்த்தபடி ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவோம். எங்கள் பேச்சுவார்த்தை முழுவதும் அந்தப் பாதையில்தான். வீட்டில் இருந்தால் ஆளுக்கொரு போனும் கையுமாகத்தான் இருப்போம்.

இந்த ஓட்டத்தை ஒரு நாள் நல்ல இடத்தில் ஓடிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. பிரான்சில் லுவார் என்று ஓர் ஆறு. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள், நடுவே சைக்கிளுக்கென்றே பாதை. படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் விமானம் ஏறிய ஒவ்வொரு தடவையும் யாரோ தாலி கட்டினார்கள், யாரோ பெரியபிள்ளையானார்கள், அல்லது யாரோ செத்தார்கள். ஒருவருடைய வீட்டு விசேசத்துக்கும் இல்லாமல், எங்களுக்காக ஒரு கிழமை, ஏழே நாள். அவ்வளவுதான் நான் கேட்டது.

ஆனால் பிரான்சில் மச்சாள் இருந்தார்.

மச்சாள் இவருடைய ஒரே அக்கா. இவரை ஊரிலிருந்து வெளியே எடுத்துவிட்டவர் அவர்தான். தாய் தகப்பன் போன பிறகு இவருக்கு அம்மாவும் அவர்தான். பாரிசில் அவர் வீட்டில் இறங்காமல் எங்கள் சொந்தக்காரர் யாரும் பிரான்சுக்குள் போவதில்லை. கனடாக்காரர், லண்டன்காரர், சுவிஸ்காரர் எல்லோருக்கும் அங்கேதான் படுக்கை, அங்கேதான் பந்தி. காலையில் இடியப்பம், மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, பின்னேரம் றோல்ஸ், இரவு புட்டு. இடையில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் எழுப்பித் தேத்தண்ணி தருவார். பாரிசுக்குப் பல தடவை போயிருந்தும் அவருடைய சாப்பாட்டு மேசையைத் தவிர எனக்கு அந்த நகரத்தில் வேறொன்றும் தெரியாது. ஒருமுறை லண்டனிலிருந்து ஒரு சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்து, ஊர் சுற்றிவிட்டு, அவர் வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டான். அன்றோடு கதை பேச்சு முடிந்தது. அவனுடைய மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக்கூட அவர் போகவில்லை.

சொன்னால் என் ஒரு கிழமையும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் இவருக்கு அக்கா இல்லை. இவர் இரண்டு நாள் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். "அப்பா, மாமிக்குச் சொல்லாதேங்கோ. சிம்பிள்," என்றாள் எங்கள் மகள். கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே சிம்பிள்தான். நாங்களும் அவளுடைய பேச்சைக் கேட்டு ரிக்கெட் எடுத்தோம்.

பாரிஸ் விமான நிலையத்தில் இவர் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார். அங்கே வேலை செய்கிற எங்கள் ஆட்கள் யாராவது கண்டு அக்காவிடம் சொல்லிவிடுவார்களாம். ரயிலேறி, ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இறங்கி, வாடகைச் சைக்கிளில் ஏறிய பிறகுதான் தொப்பியைக் கழற்றினார்.

அந்த ஆற்றைப் பற்றி என்ன சொல்ல? அதற்கு அவசரமே இல்லை. நடுவில் மணல்திட்டுகள், அவற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். கரை வழியே பாதை. பாதைக்கு மேலே சரிவு முழுவதும் இடுப்பளவு உயரத்தில் திராட்சைச் செடிகள், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் ஒரு றோசாச் செடி. திராட்சையை முந்திரிகை என்று சொல்லிப் பந்தலில் வளர்க்கிற ஊரில் பிறந்த இவருக்கு அதைப் பார்த்துச் சகிக்க முடியவில்லை.

"உதென்ன, கத்தரித் தோட்டம் மாதிரி? முந்திரிகை எண்டால் பந்தல்ல எல்லோ படரோணும்?"

"அவங்களுக்குத் தெரியும். நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

"தண்ணி எப்பிடி விடுறாங்கள்? வாய்க்காலையும் காணேல்லை."

மத்தியானங்களில் ஊர்கள் அப்படியே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடப் போய்விடும். வெள்ளைக் கல் வீடுகளுக்கிடையில் எங்கள் சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்கும். ஏற்றம் வந்தால் நான் முன்னால் போய் நின்று இவரைக் கேலி செய்வேன். இறக்கம் வந்தால் இவர் கால்களை விரித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பொடியன் போலக் கூவிக்கொண்டு போவார். நான் சந்தோசமாக இருந்தேன். இவ்வளவு சந்தோசம் எனக்கு ஆகுமா என்று யோசிக்கும் அளவுக்குச் சந்தோசமாக இருந்தேன்.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு பச்சைமிளகாய். மூன்றாம் நாள் இரவு, பத்து மேசைகூட இல்லாத ஒரு சாப்பாட்டுக் கடையில், உப்புச் சப்பில்லாத மீனை வைத்துக்கொண்டு இவர் உறைப்பாக ஏதாவது இருக்கிறதா என்று பரிமாறுகிறவளிடம் கேட்டார். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு, ஒரு தட்டில் வட்டம் வட்டமாக வெட்டிய பச்சைமிளகாயோடு வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு தமிழர் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணை, எவடம்?"

ரொறன்ரோ என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டது அதையல்ல என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். மேசைக்குக் கீழே நான் இவருடைய காலை மிதித்தேன். பலனில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டால் இவருக்குத் தலைகால் தெரியாது. ஊரைச் சொன்னார், குறிச்சியைச் சொன்னார், பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் என்றும் சொன்னார். அதற்கடுத்த கேள்வி "ஆற்றை மகன்?", அதாவது யாருடைய மகன் என்பது. அதற்கும் பதில் சொன்னார்.

"அட, அப்ப பாரிஸ் அக்கான்ரை தம்பியே நீங்கள்! என்ரை மனிசியின்ரை தமக்கை அவவின்ரை மேல்மாடியிலைதான் இருக்கிறா."

இவருடைய முகம் பேயறைந்தது போலானது. மிளகாயைத் தொடவேயில்லை. "தம்பி, நாங்கள் வந்ததை இப்ப ஒருத்தருக்கும்..." என்று நான் தொடங்கினேன். "சேச்சே, நான் ஏன் சொல்லுறன் அக்கா," என்றார் அவர். அவர் மனைவிக்கு மட்டும்தான் சொன்னாராம் என்று பிறகு அறிந்தோம்.

அடுத்த நாள் விடிய போன் அடித்தது. இவர் எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கை நிக்கிறாய்?"

"வீட்டை அக்கா."

"அங்கை இப்ப சாமமெல்லோ? முழிச்சிருக்கிறாய்?"

"ஓம்... நித்திரை வரேல்லை."

அந்த நேரம் பார்த்து முன்னாலிருந்த தேவாலயத்தில் மணியடிக்கத் தொடங்கியது. அடித்துக்கொண்டேயிருந்தது. மச்சாள் அது முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"நிக்கிற இடத்திலையே நில்லுங்கோ. நான் வாறன்," என்று வைத்துவிட்டார்.

இவர் தலைக்கவசத்தை மடியில் வைத்து அதன் பட்டியைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். "அக்கா இனி என்னோடை கதைக்கமாட்டா," என்றார் ஒருமுறை. எனக்கு அவர்மேல் இரக்கமும், இந்தப் பயணத்தைக் கேட்ட என்மேல் கோபமும் சேர்ந்து வந்தன.

அந்த ஊர் நிலையத்தில் நாங்கள் போய் நிற்க, பாரிஸ் ரயில் வந்தது. மச்சாள் சக்கரம் பூட்டிய சில்லுப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினார். சுரிதார், காலில் சப்பாத்து. எங்களுடைய இறுக்கமான சைக்கிள் உடுப்புகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். நிலையத்துக்கு வெளியே இருந்த நீள வாங்கில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பாசல்கள்.

"அக்கா..." என்று இவர் தொடங்கினார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்," என்றேன் நான். "உங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாதெண்டுதான் வீட்டை வரேல்லை."

"வீட்டை வராதது எனக்குக் கவலையில்லை," என்றார். "வந்தா நான் சமைக்கோணும். வராட்டி எனக்கு ஒரு கிழமை லீவு. ஆனா இஞ்சை வரேக்கை என்னையும் ஒருக்கா கூப்பிடுவம் எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் தோன்றேல்லையே?"

இவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"இவ்வளவு வருசம் இந்த நாட்டில இருக்கிறன். ரயில் ஜன்னலாலை பாத்துக்கொண்டு வந்தனான், உப்பிடியொரு ஆறு இருக்கெண்டே எனக்குத் தெரியாது. எல்லாரும் வாறியள், சாப்பிடுறியள், போறியள். வாங்கோ, நீங்களும் எங்களோடை வாங்கோ எண்டு ஒருத்தரும் கேட்டதில்லை."

அந்தச் சாப்பாட்டு மேசையில் மச்சாள் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தப்பி ஓட நினைத்த அந்த மேசைக்குப் பக்கத்தில் அவர் இத்தனை வருடமும் அகப்பையோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. இவர் அழுதேவிட்டார். சைக்கிள் கையுறையால் கண்ணைத் துடைத்தார்.

"சரி, சரி, அழாதை," என்றார் மச்சாள். பிறகு எங்கள் சைக்கிள்களைப் பார்த்தார். "உதிலை இன்னொண்டு வாடகைக்குக் குடுப்பாங்களோ?"

"ஓடுவீங்களோ மச்சாள்?"

"என்ன கேள்வி கேக்கிறீர்? யாழ்ப்பாணத்தில சைக்கிள் ஓடாத பெட்டை ஆர்?"

அறுபதைத் தாண்டியவர். தொடக்கத்தில் முன்சில்லு இடமும் வலமும் உலாவியது. இவர் பின்னால் சீற்றைப் பிடித்தபடி "அக்கா, பிறேக், பிறேக்" என்று கத்திக்கொண்டு ஓடினார். "கையை எடடா" என்று மச்சாள் அதட்டினார். எடுத்தார். அவ்வளவுதான், மச்சாள் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார். தோட்டத்தில் யாரோ கை காட்ட, மச்சாளும் கை காட்டினார், தெரிந்தவர் மாதிரி.

சோற்றுப் பாசல்கள் என் சைக்கிள் பையில் இருந்தன. மத்தியானம் தாண்டிவிட்டது. ஆற்றோரம் நல்ல நிழலும் ஒரு வாங்கும் வந்தன. எனக்குக் கால் ஓய்ந்திருந்தது, இவருக்குப் பசியில் கண் மங்கியிருந்தது.

"மச்சாள், நில்லுங்கோ, சாப்பிடுவம்!" என்று கத்தினேன்.

மச்சாள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் அவருடைய குரல் மட்டும் வந்தது.

"பசிச்சா நீங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கோ. எனக்கு இப்ப நேரமில்லை."